நிலத்தில் கல் நடும் முன்னே: சாலைத் திட்டமும் சிறு விவசாயியும்

ஊருக்குச் சாலை வருவது நல்லதே. தக்காளியும் பூவும் பாலும் வாடாமல், கெடாமல் சந்தைக்குப் போய்ச் சேரச் சாலை வேண்டும். சாலை வேண்டாம் என்று எந்த உழவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தச் சாலை எந்த வழியாகப் போகிறது, யாருடைய கிணற்றை மூடுகிறது, எந்த ஓடையை மறிக்கிறது என்பதை முன்கூட்டியே ஊராரைக் கேட்டு முடிவு செய்தால் நாட்டுக்கும் நன்மை, உழவருக்கும் நன்மை. கேளாமல் கல் நட்டால் வழக்கும் வம்பும்தான் மிஞ்சும். இதற்குத் தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

சென்னை - சேலம் சாலை தரும் பாடம்

சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே சுமார் 277 கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய எட்டு வழிச் சாலை போடும் திட்டம் 2018-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் வழியே இச்சாலை செல்வதாக இருந்தது. இந்த இரு நகரங்களுக்கும் இடையே விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழியாக ஒரு பாதையும், வேலூர், கிருஷ்ணகிரி வழியாக மற்றொரு பாதையும் ஏற்கெனவே உண்டு. இருப்பவற்றை அகலப்படுத்தினால் போதாதா, புதிதாக ஒன்று தேவையா என்ற கேள்வி தொடக்கத்திலேயே எழுந்தது.

2018 ஜூன் மாதத்தில் வயல்களில் அளவைக் கற்கள் நடப்பட்டன. தென்னந்தோப்பிலும் மஞ்சள் வயலிலும் திடீரென்று கல்லைக் கண்ட உழவர்கள் திகைத்துப் போனார்கள். போராட்டங்கள் நடந்தன. வழக்குகள் தொடரப்பட்டன. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாமல் நிலத்தை எடுக்கும் வேலையில் இறங்கியது தவறு என்றும், வருவாய்த் துறைப் பதிவேடுகளில் செய்த பெயர் மாற்றங்களைப் பழையபடி திருத்த வேண்டும் என்றும் கூறியது.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலம் எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் முதல் அறிவிக்கைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி முன்கூட்டியே தேவை இல்லை. ஆகவே அது செல்லும் என்றது. ஆனால் நிலத்தை அரசுக்கு உடைமையாக்கும் அடுத்த அறிவிக்கையை அனுமதி பெறும் முன்பே வெளியிட்டது செல்லாது என்றது.

இரண்டரை ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. அந்தக் காலத்தில் உழவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமன்று. கல் நட்ட நிலத்தில் புதுக் கிணறு வெட்டலாமா, தென்னங்கன்று வைக்கலாமா, மகள் திருமணத்துக்கு அடமானம் வைத்தால் கடன் கிடைக்குமா என்று ஒன்றும் தெரியாத நிலை. முதலில் மக்களைக் கேட்டு, மாற்று வழிகளை ஆராய்ந்து, பிறகு கல் நடுவதுதான் சரியான வரிசை என்பதே இதிலிருந்து திட்டமிடுவோர் பெற வேண்டிய பாடம். சட்டம் தரும் வாய்ப்புகளும் அவற்றின் கெடுவும் எவை என்று முன்பே தெரிந்து வைத்திருப்பது உழவர்களுக்கான பாடம்.

சாலை வயலை என்ன செய்கிறது?

ஒரு சாலைக்கு 70 மீட்டர் அகலத்தில் நிலம் எடுப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 7 ஹெக்டேர், அதாவது 17 ஏக்கருக்கு மேல் தேவைப்படும். இது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. கண்ணுக்குத் தெரியாதவை வேறு சில உண்டு.

முதலாவது, நீரோட்டம். சாலையின் மண்மேடு வயல்வெளியில் குறுக்கே போட்ட நீண்ட கரை போன்றது. மேட்டுப் பக்கத்திலிருந்து வரும் மழைநீருக்குப் போதிய அகலத்தில் சிறுபாலம் வைக்காவிட்டால் மேல்பக்கத்து நெல் மூழ்கி அழுகும். கீழ்ப்பக்கத்து ஏரிக்கு வரத்து குறையும். வரத்துக் கால்வாய் ஒன்று மறிபட்டால் அந்த ஏரியின் ஆயக்கட்டு முழுவதும் தரிசாகக் கூடும். கோடையில் அளக்க வரும் பொறியாளர் கண்ணுக்கு ஓடை வெறும் புதர் மண்டிய பள்ளமாகத்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் அதில் எத்தனை அடி உயரத்துக்கு வெள்ளம் போகும் என்பது ஊராருக்குத்தான் தெரியும். மக்களின் கருத்தைக் கேட்பது மரியாதைக்காக மட்டும் அல்ல. வரைபடத்தில் இல்லாத விவரம் அவர்களிடம் இருப்பதாலும்தான்.

இரண்டாவது, துண்டாதல். சாலை வரப்பைப் பார்த்துப் போவதில்லை. குறுக்கே சாய்வாகப் போகும். நிலம் ஒரு பக்கம், கிணறு மறுபக்கம் என்று பிரிந்துவிடும். வேலி போட்ட விரைவுச் சாலையில் மாட்டையோ டிராக்டரையோ நினைத்த இடத்தில் குறுக்கே ஓட்ட முடியாது. எதிரே தெரியும் வயலுக்கு மேம்பாலத்தையோ சுரங்கப் பாதையையோ தேடிச் சுற்றிப் போக வேண்டும்.

மூன்றாவது, மண். ஒரு கிலோமீட்டர் நீளம், சராசரி 30 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள மேட்டுக்கு 60,000 கன மீட்டர் மண் வேண்டும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு வெட்டினாலும் 6 ஹெக்டேர் பரப்பிலிருந்து மண் எடுத்தாக வேண்டும். சாலை, குழாய் போன்ற நீள் திட்டங்களுக்காக மண் எடுக்கச் சுற்றுச்சூழல் அனுமதி தேவை இல்லை என்று மத்திய அரசு 2020 மார்ச்சில் விலக்கு அளித்திருந்தது. அந்தப் பொதுவான விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்து செய்தது. ஆகவே மண் எங்கிருந்து, எவ்வளவு ஆழத்துக்கு, யார் அனுமதியுடன் எடுக்கப்படுகிறது என்று கேட்க ஊராருக்கு நியாயம் உண்டு.

மேல்மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓர் ஏக்கரில் மேலே உள்ள 15 சென்டிமீட்டர் மண் மட்டும் சுமார் 600 கன மீட்டர். பல தலைமுறை தொழுஉரம் கண்ட அந்த மண்ணைச் சாலைக்கு அடியில் புதைப்பது வீண். அதைத் தனியே வழித்தெடுத்துக் குவித்து, மண் வெட்டிய இடங்களிலும் அருகில் உள்ள வளம் குறைந்த நிலங்களிலும் பரப்பச் சொல்லிக் கேட்கலாம்.

சட்டத்தின் படிகள்

தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது 1956-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. இதில் முக்கியமான படிகள் நான்கு.

3-ஏ அறிவிக்கை: இன்ன நிலத்தை எடுக்கும் எண்ணம் இருக்கிறது என்று அரசிதழில் அறிவிப்பார்கள். இதன் சாரம் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். அவற்றில் ஒன்று அந்தந்த வட்டார மொழியில் இருக்க வேண்டும். இந்த அறிவிக்கையால் மட்டும் நிலம் கைவிட்டுப் போய்விடாது.

3-சி ஆட்சேபணை: அறிவிக்கை வெளியான நாளிலிருந்து 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபணை தர வேண்டும். நில எடுப்புக்கென நியமிக்கப்பட்ட அதிகாரி, மனுதாரரை நேரிலோ வழக்கறிஞர் மூலமோ விசாரிக்க வேண்டும். நில உரிமையாளர் மட்டுமன்றி, நிலத்தில் உரிமை அல்லது தொடர்பு உடைய மற்றவர்களும் ஆட்சேபிக்கலாம். இந்த 21 நாள் கெடு மிக முக்கியம். போராட்டத்தில் கலந்துகொண்டும் மனு எழுதித் தராமல் விட்டவருக்கு, பின்னர் காட்டுவதற்கு ஆதாரம் எதுவும் இராது.

3-டி அறிவிக்கை: ஆட்சேபணைகளை முடிவு செய்த பிறகு இது வரும். இது வெளியானதும் நிலம் எவ்வித வில்லங்கமும் இன்றி மத்திய அரசுக்கு உடைமையாகிவிடும். 3-ஏ வெளியான ஓராண்டுக்குள் இது வராவிட்டால் முதல் அறிவிக்கை செல்லாது. நீதிமன்றத் தடை இருந்த காலம் அந்த ஓராண்டில் சேராது.

3-ஜி இழப்பீடு: தொகையை முடிவு செய்யும் முன் அதிகாரி நாளிதழ்களில் அறிவித்து, உரிமை உள்ளவர்களை வரச் சொல்ல வேண்டும். தொகை போதாது என்று கருதினால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் முறையிடலாம்.

2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க மதிப்பீடு தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி எடுக்கும் நிலங்களுக்குப் பொருந்தாது. எனினும் அச்சட்டத்தின் இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் 2015 ஜனவரி 1 முதல் இவற்றுக்கும் பொருந்தும்.

கருத்துக் கேட்புக் கூட்டம்

புதிய தேசிய நெடுஞ்சாலைகளுக்கு 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும். இதற்காகத் திட்டத்தின் பாதிப்புகளை ஆராய்ந்து வரைவு அறிக்கை ஒன்று தயாரிப்பார்கள். அதன் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகம், உள்ளாட்சி அலுவலகங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகம் ஆகியவற்றில் அறிக்கையைப் பார்க்கலாம்.

கூட்டத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாவட்ட வாரியாக நடத்துகிறது. குறைந்தது 30 நாட்களுக்கு முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். ஆட்சியரோ அவரால் அனுப்பப்பட்ட, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிப்பார். வந்திருக்கும் ஒவ்வொருவருக்கும் விளக்கம் கேட்க வாய்ப்புத் தர வேண்டும். நடவடிக்கை முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு இல்லை. ஆகவே கூட்டத்தைப் புறக்கணித்தால் அது நின்றுவிடும் என்று எண்ணுவது தவறு. ஊராரின் கருத்து பதிவாகாமல் போவதே மிச்சம்.

இந்தக் கூட்டம் வாக்கெடுப்பு அன்று. எதிர்ப்போர் அதிகம் என்பதாலேயே திட்டம் கைவிடப்படாது. ஆனால் அங்கே எழும் ஒவ்வொரு குறைக்கும் திட்டம் போடுவோர் பதில் எழுதி, இறுதி அறிக்கையில் சேர்க்க வேண்டும். அதனால் பொதுவாகக் கோபப்பட்டுப் பேசுவதைவிடக் குறிப்பாகப் பேசுவது பலன் தரும். "எங்கள் ஊரை அழிக்காதீர்கள்" என்பதற்குப் பதில் எழுதுவது எளிது. "இன்ன சர்வே எண் அருகில் உள்ள ஓடையில் பெருமழையின்போது நாலடி உயரத்துக்குத் தண்ணீர் போகிறது, வரைபடத்தில் அங்கே சிறுபாலமே இல்லை, எங்கள் ஏரிக்கு வரத்து எப்படி வரும்?" என்று கேட்டால் கணக்குப் போட்டுத்தான் பதில் எழுத வேண்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் குறை இருந்தால், ஆணை தெரிவிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை அவகாசம் தர இடம் உண்டு. இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது.

இரண்டு ஏக்கர்காரரின் கணக்கு

இரண்டு ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் உள்ள ஒரு விவசாயியை எடுத்துக்கொள்வோம். சாலை குறுக்கே போவதால் 60 சென்ட் எடுக்கப்படுகிறது. கிணறு அந்த 60 சென்டுக்குள் போய்விடுகிறது. மீதியில் ஒரு பக்கம் 110 சென்ட், மறுபக்கம் 30 சென்ட். காகிதத்தில் அவர் இழந்தது 60 சென்ட்தான். உண்மையில் 110 சென்டுக்குத் தண்ணீர் இல்லை; 30 சென்டுக்கு வழியும் இல்லை.

இப்படிப்பட்டவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. 3-ஜி பிரிவில், எடுக்கும் நிலத்தின் மதிப்போடு, நிலம் துண்டாவதால் ஏற்படும் சேதத்தையும், மற்ற சொத்துக்கோ வருமானத்துக்கோ ஏற்படும் பாதிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் கேட்காமல் அது தானே வந்து சேரும் என்று எதிர்பார்க்க முடியாது. கிணறு, மோட்டார், குழாய், மரங்கள், துண்டான நிலம், இழந்த வண்டிப்பாதை ஆகியவற்றைத் தனித்தனியே எழுதிக் கேட்க வேண்டும்.

நிலத்தின் சந்தை மதிப்பைக் கணக்கிட அரசின் வழிகாட்டி மதிப்பையும், அருகில் மூன்று ஆண்டுகளில் பதிவான கிரையப் பத்திரங்களின் விலையையும் பார்ப்பார்கள். கிராமப்புற நிலத்துக்கு அந்த மதிப்பை 1 முதல் 2 வரை உள்ள ஓர் எண்ணால் பெருக்குவார்கள். அதன்மேல் நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகை சேரும். பதிவுச் செலவை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் இங்கே ஊரையே பாதிக்கிறது. ஒருவர் குறைத்து எழுதிய பத்திரம் பக்கத்து நிலத்துக்காரரின் இழப்பீட்டையும் குறைக்கக் கூடும்.

இன்றே செய்ய வேண்டியவை

சாலை வருமோ வராதோ, பின்வருவனவற்றைச் செய்து வைப்பது நலம்.

1. பட்டா இறந்துபோன தந்தை அல்லது பாட்டனார் பெயரில் இருந்தால் உடனே மாற்ற வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. இழப்பீடு தாமதமாவதற்கும் பங்காளிச் சண்டைக்கும் இதுவே பெரும் காரணம்.

2. சிட்டா, அடங்கல், புலப்பட நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை ஒரு கோப்பில் வைக்க வேண்டும்.

3. அடங்கலில் கிணறு, மரங்கள், சாகுபடிப் பயிர் ஆகியவை சரியாகப் பதிவாகி உள்ளனவா என்று ஒவ்வொரு பசலியிலும் கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மின் இணைப்பு அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும்.

4. குத்தகைக்கு உழுபவர் தம் பெயர் பதிவாகி உள்ளதா என்று பார்க்க வேண்டும். நிலம் போனால் உழைப்பும் போகும். பதிவு இல்லாதவர் தம் உரிமையை மெய்ப்பிப்பது கடினம்.

5. ஊரார் நாலு பேர் சேர்ந்து மழைக்காலத்தில் ஊரைச் சுற்றி நடந்து, ஓடை, வாய்க்கால், மதகு, வெள்ளம் ஏறிய அளவு, வண்டிப்பாதை ஆகியவற்றைக் கிராம வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். வெள்ளம் ஏறிய மட்டத்தைப் பனைமரத்திலோ பாறையிலோ அடையாளமிட்டுத் தேதியுடன் படம் எடுத்து வைப்பது சிறந்த சாட்சி.

6. திட்ட விவரம் கிடைக்காவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுச் செய்யலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

7. கிராம சபையில் விவாதித்துத் தீர்மானம் நிறைவேற்றலாம். இது நில எடுப்பை நிறுத்தும் ஆணை ஆகாது. ஆனால் ஊரின் கருத்துக்கு எழுத்துபூர்வமான ஆதாரம் ஆகும்.

8. எந்த மனுவுக்கும் கையொப்பமும் முத்திரையும் உள்ள ஒப்புகை பெறாமல் திரும்பக் கூடாது. அல்லது சேர்ந்ததற்கு ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்ப வேண்டும். புரியாத காகிதத்தில் கையெழுத்தோ கைநாட்டோ இடக் கூடாது.

எதைக் கேட்பது?

திட்டமே தேவையா, இருக்கும் சாலையை அகலப்படுத்தினால் போதுமா என்று முதலில் கேட்கலாம். புதிய வழிதான் என்றால், நஞ்சையையும் ஏரியையும் தவிர்த்துத் தடத்தைச் சற்று விலக்க முடியுமா என்று கேட்கலாம். அதுவும் இயலாது என்றால், போதிய சிறுபாலங்கள், வண்டியும் மாடும் கடக்கச் சுரங்கப் பாதை, இருபுறமும் அணுகுசாலை, வாய்க்காலுக்குக் குழாய், வேலை நடக்கும்போது புழுதி அடங்கத் தண்ணீர் தெளித்தல் ஆகியவற்றைக் கேட்கலாம். பூக்கும் பருவத்தில் படியும் புழுதி விளைச்சலைக் குறைக்கும். நின்ற பயிரை அறுவடை செய்து எடுக்க அவகாசமும் கேட்க வேண்டும்.

இவை எல்லாம் வரைபடம் தயாராகும் கட்டத்தில் கேட்டால் சுலபமாகச் சேர்க்கக் கூடியவை. சாலை போட்டு முடித்த பிறகு ஒரு சிறுபாலம் கேட்டு உழவர் எத்தனை ஆண்டு அலைய வேண்டும் என்பது பல ஊர்களில் கண்ட அனுபவம். நாற்றங்காலில் எடுக்க வேண்டிய களையைக் கதிர் வந்த பின் எடுக்க முடியாது. அதுபோல் சாலையைப் பற்றிய பேச்சும், கல் நடும் முன்பே பேசி முடிக்க வேண்டிய பேச்சு.